பேரிங்குக்குள்ள எண்ணெய் எவ்ளோ தடிமன்? அளக்கப் போன கதை

நாலு வருஷம் முன்னாடி ஒரு இன்டர்வியூல என்கிட்ட கேட்டாங்க, "ஒரு பால் பேரிங் ஓடிட்டு இருக்கு, ஆயில் தாராளமா இருக்கு, இப்ப லோட டபுள் ஆக்கினா பாலுக்கும் ரேஸுக்கும் (பால் உருள்ற வளையம்) நடுவுல இருக்கற ஆயில் ஃபிலிம் எவ்ளோ குறையும்?" நான் ஒரு செகண்ட்கூட யோசிக்காம "பாதியாயிடும் சார்"னு சொல்லிட்டேன். கேட்டவர் சிரிச்சார். "சரி, வேலைக்கு சேந்தா நீங்களே அளந்து பாருங்க"ன்னார். வேலை எப்படியோ கெடச்சிருச்சு. அளந்தும் பாத்தாச்சு. பதில் சுமார் நாலரை சதவீதம். பாதியெல்லாம் இல்ல, வெறும் நாலரை.

இத கேட்டா எனக்கு வந்த கோபம் உங்களுக்கும் வரணும். ஏன்னா நாம சின்ன வயசுலேர்ந்து பாத்ததெல்லாம் அமுக்கினா நசுங்கும், நசுங்கினா மெலியும்ங்கறதுதான். இங்க மட்டும் ஏன் அப்படி இல்ல? இந்த ஒரு கேள்விதான் என்னய இந்த வேலைல இழுத்து வெச்சிருக்கு, அதனால அதுலேர்ந்தே ஆரம்பிக்கறேன்.

எங்க ரிக்ல, அதாவது ஃபிலிம அளக்கற டெஸ்ட் மெஷின்ல, ஒரு 19 மில்லிமீட்டர் ஸ்டீல் பால், அதாவது முக்கால் இன்ச் பால், ஒரு கண்ணாடி டிஸ்க்குக்கு அடியில உக்காந்திருக்கும். கீழேர்ந்து 20 நியூட்டன் லோட், ரெண்டு கிலோ வெயிட்டு வெச்சு அமுக்கற மாதிரி, ஒண்ணும் பெருசில்ல. ஆனா பாலும் கண்ணாடியும் தொடற இடம் 0.27 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டம்தான். அந்த ரெண்டு கிலோ மொத்தமும் அந்தப் புள்ளில இறங்கறதால நடுவுல பிரஷர் 0.5 கிகாபாஸ்கலுக்கு மேல போகுது, வளிமண்டல அழுத்தத்தப் போல அஞ்சாயிரம் மடங்கு. நிஜ பேரிங்ல இது இன்னும் மோசம், 1 லேர்ந்து 3 கிகாபாஸ்கல்னு போகும். இந்த அளவு அழுத்தத்துல மினரல் ஆயில் ஆயிலாவே இருக்காது. அழுத்தம் ஏற ஏற விஸ்காசிட்டி, அதாவது ஆயிலோட கெட்டித்தன்மை, எக்ஸ்பொனென்ஷியலா ஏறும்னு பாரஸ் 1893லயே சொல்லிட்டார், அந்தக் கணக்கப் போட்டா எங்க கண்ணாடிக்கு அடியிலயே முப்பதாயிரம் மடங்குக்கு மேல கெட்டியாகுது (நிஜத்துல பாரஸ் கணக்கு ஹை பிரஷர்ல கொஞ்சம் ஓவராத்தான் சொல்லும், ஆனா விஷயம் புரியுதுல்ல). வட்டத்துக்குள்ள நுழையற வரைக்கும்தான் அது எண்ணெய், நுழைஞ்சப்புறம் கிட்டத்தட்ட மெழுகு. செகண்டுக்கு ஒரு மீட்டர் ஸ்பீடுல அது உள்ள இருக்கறது 0.27 மில்லிசெகண்ட். அந்த நேரத்துல மெழுகு பக்கவாட்டுல பிதுங்கி ஓடவா முடியும்? எவ்ளோ தடிமனா உள்ள வந்துச்சோ கிட்டத்தட்ட அதே தடிமனோட அந்தப் பக்கம் வெளிய போயிடும்.

அப்போ தடிமன முடிவு பண்றது எது? வாசல். இன்லெட்னு சொல்லுவோம், வட்டத்துக்கு கொஞ்சம் முன்னாடி ரெண்டு பரப்பும் ஆப்பு மாதிரி குறுகிட்டு வர்ற இடம். அங்க ஆயில் இன்னும் ஆயிலாத்தான் இருக்கு, ஸ்பீடும் அந்த இடத்து விஸ்காசிட்டியும் சேந்து எவ்ளோ ஆயில உள்ள தள்ளுதோ அவ்ளோதான் ஃபிலிம். லோட ஏத்தினா என்ன ஆகுதுன்னா, பாலும் கண்ணாடியும் இன்னும் கொஞ்சம் தட்டையாகி வட்டம் பெருசாகுது, லோட் டபுள் ஆனாலும் பிரஷர் 26 சதவீதம்தான் ஏறுது, வாசலோட ஷேப் பெருசா மாறவே இல்ல. அதான் நாலரை சதவீதம். ஆனா ஸ்பீட டபுள் பண்ணுங்க, ஃபிலிம் 59 சதவீதம் ஏறும். ஸ்பீடோட பவர் 0.67, லோடோட பவர் மைனஸ் 0.067, ஹாம்ராக்கும் டௌசனும் 1970கள்ல கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்த ஃபார்முலா இன்னிக்கும் எங்க லேப் சுவத்துல பிரின்ட் போட்டு ஒட்டியிருக்கு.

இது புரியறதுக்கு உலகத்துக்கே ரொம்ப நாள் ஆச்சுங்கறது எனக்கு ஒரு ஆறுதல். 1916ல மார்ட்டின்னு ஒருத்தர் கியர் பல்லுக்கு நடுவுல ஆயில் ஃபிலிம் எவ்ளோ இருக்கும்னு கணக்கு போட்டார். ரெனால்ட்ஸ் 1886ல கொடுத்த சமன்பாட்ட அப்படியே எடுத்து, பல்லு வளையாது, விஸ்காசிட்டி மாறாதுன்னு வெச்சுப் போட்டா வர்ற ஃபிலிம் அந்தப் பல்லோட சொரசொரப்ப விட ரொம்ப ரொம்ப கம்மி, அப்படின்னா மெட்டலும் மெட்டலும் உரசி தேஞ்சு போயிருக்கணும். ஆனா வருஷக்கணக்கா ஓடின கியர்ல மெஷினிங் பண்ண கோடுகூட அழியாம இருக்கும். கணக்குல இல்லாத ஒரு ஃபிலிம் நிஜத்துல இருக்குன்னு தெரியுது, எங்கேர்ந்து வருதுன்னு தெரியல. மெட்டல் வளையறதையும் ஆயில் கெட்டியாகறதையும் சேத்துப் போட்டாத்தான் விடை வரும்னு சோவியத்துல எர்டெல் 1939ல கண்டுபிடிச்சார், ஆனா அது முழுசா வெளிய வந்தது 1949ல க்ரூபின் போட்ட வெளியீட்டுல, அதனால ரொம்ப காலம் க்ரூபின் பேர்லயே அது ஓடிச்சு. பாவம் எர்டெல்.

சரி, கணக்கு வந்தாச்சு, அளக்கறது எப்படி? எங்க ரிக்ல செகண்டுக்கு ஒரு மீட்டர் ஸ்பீடு, 40 டிகிரில விஜி 46ங்கற நடுத்தர கெட்டி கிரேடு மாதிரி ஒரு ஆயில்னா ஃபிலிம் சுமார் 270 நானோமீட்டர். தலைமுடிய விட இருநூறு மடங்குக்கு மேல மெலிசு. நிஜ பேரிங்ல சுத்தி ரெண்டு பக்கமும் ஸ்டீலு, உள்ள எந்த ஸ்கேலையும் விட முடியாது, ரெண்டும் ஓடிட்டு வேற இருக்கு.

முதல்ல ஆளுங்க கரண்ட்டுல பிடிச்சாங்க. ரெண்டு மெட்டலுக்கு நடுவுல எண்ணெய்ன்னா அது ஒரு கெபாசிட்டர்தானே, தடிமன் குறைஞ்சா கெபாசிட்டன்ஸ் ஏறும். இங்கிலாந்துல க்ரூக் 1950கள் கடைசிலயும் 60கள்லயும் டிஸ்க் மெஷின் வெச்சு இத பண்ணினார். ஐடியா சூப்பர், ஆனா ஆயிலோட டைஎலக்ட்ரிக் அளவு (மின்சாரத்த தேக்க உதவற தன்மை) பிரஷர்ல மாறும், வட்டத்துக்கு வெளிய தேங்கியிருக்கற எண்ணெயும் சேந்து கணக்குல வரும், பரப்போட சொரசொரப்புல நீட்டிக்கிட்டு இருக்கற ஒரே ஒரு முள்ளு அந்தப் பக்கம் போய் தொட்டுட்டா ஷார்ட் ஆகி எல்லாம் போச்சு. அப்புறம் 1961ல சிப்லியும் ஆர்கட்டும் எக்ஸ்ரேவ ரெண்டு டிஸ்க்குக்கு நடுவுல இருக்கற சந்து வழியா விட்டாங்க, ஸ்டீல் எக்ஸ்ரேவ நிறுத்திடும், ஆயில் விட்டுடும், எவ்ளோ அந்தப் பக்கம் வருதோ அதுலேர்ந்து சந்து எவ்ளோன்னு கணக்கு. கதவு இடுக்குல வர்ற வெளிச்சத்த வெச்சு இடுக்க அளக்கற மாதிரி. எனக்கு ரொம்ப பிடிச்ச முறை இது, ஆனா அலைன்மென்ட் ஒரு துளி தப்பினாலும் எல்லாம் பாழ்.

ஆட்டத்தையே மாத்தினது வெளிச்சம். மழை பெஞ்ச ரோட்டுல பைக் நிறுத்தின இடத்துல பெட்ரோல் சிந்தி கலர் கலரா தெரியுமே, அதே சங்கதிதான். 1963ல லண்டன் இம்பீரியல் காலேஜ்ல கேமரனும் கோஹரும் ஒரு பக்கம் ஸ்டீல தூக்கிட்டு ஹை ரிஃப்ராக்டிவ் இன்டெக்ஸ் (வெளிச்சத்த அதிகமா வளைக்கற) கண்ணாடிய போட்டு, ஓடிட்டு இருக்கற பாலோட கான்டாக்ட்ட மைக்ரோஸ்கோப்ல நேராவே பாத்தாங்க. கண்ணாடிலேர்ந்து திரும்பற வெளிச்சமும், எண்ணெய தாண்டி பால்ல பட்டு திரும்பற வெளிச்சமும் ஒண்ணோட ஒண்ணு சேந்து வரி வரியா தெரியும், ஒவ்வொரு வரியும் ஒரு தடிமன், மேப்ல மலைக்கு கான்டூர் போட்ட மாதிரி. நடுவுல ஒரே சீரா தட்டையா இருக்கு, வெளிய போற பக்கமும் ரெண்டு ஓரமும் மட்டும் ஃபிலிம் குறுகி குதிரை லாடம் மாதிரி ஒரு ஷேப். வெளிய போற இடத்துல ஃபிலிம் கடைசி நேரத்துல இறுகும்னு தியரி சொன்னது கண்ணுக்கு நேரா. நான் முதல் தடவ ஐபீஸ்ல கண்ண வெச்சு அந்த லாடத்த பாத்தப்ப, பொய் சொல்லல, அன்னிக்கு மத்தியானம் சாப்பாட்ட மறந்துட்டேன்.

ஆனா இதுல ஒரு ஓட்ட இருந்துச்சு. வெளிச்சத்தோட அலைநீளம் 400லேர்ந்து 700 நானோமீட்டர், அதனால ஃபிலிம் சுமார் 100 நானோமீட்டருக்கு கீழ போனா கலர் வரிசையே ஆரம்பிக்காது, வெறும் சாம்பல் நிறமா இருக்கும். பேரிங் ஸ்டார்ட் ஆகறப்பவும் நிக்கறப்பவும் மெல்லிசு ஆயில்லயும் நடக்கற எல்லா கூத்தும் அந்த 100க்கு கீழதான். இதுக்கு 1991ல அதே இம்பீரியல்ல ஜான்ஸ்டன், வேய்ட், ஸ்பைக்ஸ் மூணு பேரும் போட்ட வழி இருக்கே, எனக்கு இந்த ஃபீல்டுலயே இதுதான் ரொம்ப அழகான யோசனை. பஸ்ல அரை டிக்கெட்டுக்கு கம்பில ஒரு கோடு போட்டிருப்பாங்கல்ல, ஸ்கேலே அந்தக் கோட்டுலதான் ஆரம்பிக்குதுன்னு வெச்சுக்கோங்க, கைக்குழந்தைய எப்படி அளப்பீங்க? ஸ்டூல் மேல நிக்க வெச்சு அளந்துட்டு ஸ்டூல கழிச்சுடலாம். அவ்ளோதான். கண்ணாடி டிஸ்க்குக்கு அடியில முதல்ல பாதி வெளிச்சம் விடற மெல்லிசு குரோமியம், அது மேல சுமார் 500 நானோமீட்டருக்கு சிலிகா. சிலிகாவும் எண்ணெயும் வெளிச்சத்துக்கு ஏறக்குறைய ஒண்ணு மாதிரிதான், அதனால எண்ணெய் 2 நானோமீட்டரே இருந்தாலும் வெளிச்சத்துக்கு அது 502ஆ தெரியும். திரும்பி வர்ற வெள்ளை வெளிச்சத்த ஸ்பெக்ட்ரோமீட்டர்ல பிரிச்சு எந்த அலைநீளம் தூக்கலா இருக்குன்னு பாத்து, ஸ்டூல கழிச்சா மிச்சம் ஆயில். சில நானோமீட்டர் வரைக்கும் இறங்கலாம், அதாவது எண்ணெய் மாலிக்யூல் சைஸ் பக்கத்துலயே. அதுக்கப்புறம் செக் நாட்டுல ப்ர்னோ யுனிவர்சிட்டில ஹார்ட்டல், க்ருப்கா, லிஷ்கா டீம் கேமரா படத்துல இருக்கற ஒவ்வொரு புள்ளியோட கலரையும் கம்ப்யூட்டர் வெச்சு தடிமனா மாத்தி முழு மேப்பே போட்டுக் காட்டினாங்க.

ஒரு சின்ன விஷயம், யாரும் முதல்ல சொல்லித்தர மாட்டாங்க. ஸ்டூல் உயரம் டிஸ்க் முழுக்க ஒண்ணா இருக்காது, சிலிகா பூசறப்ப அங்கங்க ரெண்டு மூணு நானோமீட்டர் கூட கொறைய இருக்கும். அதனால ஒவ்வொரு சுத்துலயும் டிஸ்க்கோட அதே இடத்துலதான் அளக்கணும், ரன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நிக்க வெச்சு ஜீரோவும் அதே இடத்துலதான் எடுக்கணும்.

இப்ப என் சொதப்பலுக்கு வர்றேன். சேந்து ரெண்டாவது மாசம், ஒரு சாதா பேஸ் ஆயில், அடிட்டிவ் எதுவும் இல்லாதது, அத ஸ்பீட குறைச்சுக்கிட்டே ரன் பண்ணிட்டு இருக்கேன். லாக் லாக் கிராஃப்ல ஸ்பீடும் தடிமனும் போட்டா நேர்கோடு வரணும், சரிவு 0.67. செகண்டுக்கு ஒரு மீட்டர்ல 270, பத்து சென்டிமீட்டர்ல 57, ஒரு சென்டிமீட்டர்ல 12, அதுக்கும் கீழ 4ன்னு போயிட்டே இருக்கணும். எனக்கு 15 கிட்ட வந்து கோடு படுத்துருச்சு. எவ்ளோ ஸ்லோ பண்ணாலும் 15, 15, 15. நான் என்ன நெனச்சேன் தெரியுமா, ஏதோ புதுசா கண்டுபிடிச்சுட்டோம், ஆயில் மாலிக்யூல் எல்லாம் ஸ்டீல் மேல அடுக்கி நிக்குது, பேப்பர் போடலாம்னு. ராத்திரி தூக்கமே வரல. காலைல ஓடிப்போய் எங்க லேப் டெக்னீஷியன் அண்ணன்கிட்ட கிராஃப காட்டினேன். அவரு கிராஃப பாக்கவே இல்ல, லாக்புக்க எடுத்து முந்தின நாள் பக்கத்த திருப்பினாரு.

"இதுக்கு முன்னாடி ஓடினது என்ன தம்பி?"

"எஞ்சின் ஆயில்ணே, பாலிமர் போட்டது."

"எதுல கழுவுன?"

"ஒரு தடவ சால்வென்ட் ஊத்தி தொடச்சேன்ணே."

"ஒரு தடவ." அவ்ளோதான் சொன்னாரு. அதுக்கப்புறம் ரெண்டு நாள் நான் டிஸ்க், ஆயில் பாத் (ஆயில் நிக்கற தொட்டி), ஷாஃப்ட் எல்லாத்தையும் டொலுயீன்ல ஒரு முறை, ஐசோப்ரொபனால்ல ஒரு முறை, அல்ட்ராசானிக் பாத்ல போட்டு எடுத்து புது பால் போட்டு ஓட்டினேன், கோடு நூல் புடிச்ச மாதிரி 3 நானோமீட்டர் வரைக்கும் இறங்கிச்சு. முந்தின ஆயில்ல இருந்த விஸ்காசிட்டி மாடிஃபையர், அதாவது சூட்டுல ஆயில் ரொம்ப தண்ணியாகாம இருக்க போடற பாலிமர், பரப்புல ஒட்டிக்கிட்டு நின்னிருக்கு, சில பாலிமர் அப்படி பத்து இருபது நானோமீட்டர் தடிமனுக்கு ஒட்டும்ங்கறது ஏற்கனவே தெரிஞ்ச விஷயம், கண்டுபிடிப்பும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. என் வாழ்க்கையோட முதல் கண்டுபிடிப்பு முந்தின நாள் அழுக்கு.

ரெண்டாவது சொதப்பல் டெம்பரேச்சர். எல்லா ரீடிங்கும் ஃபார்முலா சொல்றத விட 12 சதவீதம் கம்மி, அதுவும் ஒரே சீரா. ஒரு வாரம் ஸ்பெக்ட்ரோமீட்டர சந்தேகப்பட்டேன், அப்புறம் ரிஃப்ராக்டிவ் இன்டெக்ஸ சந்தேகப்பட்டேன் (பிரஷர்ல ஆயில் அடர்த்தியாகறதால அது கொஞ்சம் ஏறத்தான் செய்யும், அத திருத்தணும், ஆனா அது சின்ன திருத்தம்). கடைசில பாத்தா டெம்பரேச்சர் அளக்கற தெர்மோகப்பிள் ஆயில் பாத்தோட ஓரத்துல கொஞ்சம் மேல ஏறி நின்னுருக்கு, பாத்ல இருக்கற ஆயில் அது காட்டறத விட 4 டிகிரி சூடு. 40 டிகிரி பக்கத்துல இந்த மாதிரி ஆயிலோட விஸ்காசிட்டி ஒரு டிகிரிக்கு நாலு சதவீதத்துக்கு மேல மாறும், ஃபிலிம்ல அது 3 சதவீதம், நாலு டிகிரின்னா 12. கணக்கு அச்சு அசலா உக்காந்துருச்சு. லோட டபுள் பண்ணினாக்கூட நாலரை சதவீதம்தான், தெர்மோமீட்டர் ரெண்டு டிகிரி பொய் சொன்னா ஆறு சதவீதம். அதனாலதான் யாராவது ஃபிலிம் தடிமன் டேட்டா காட்டினா நான் முதல்ல கேக்கறது டெம்பரேச்சர எங்க வெச்சு எடுத்தீங்கன்னு. பேரிங் டிசைன் பண்றவங்க லோட பத்தி மணிக்கணக்கா பேசுவாங்க, வாசல்ல ஆயில் என்ன சூடுல இருக்குன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க.

கண்ணாடில அளந்தா என்ன, நிஜ பேரிங் ரெண்டு பக்கமும் ஸ்டீலாச்சேன்னு கேப்பீங்க. நியாயம்தான். பிரஷர ஏத்தணும்னா கண்ணாடிக்கு பதிலா சஃபையர் டிஸ்க், டங்ஸ்டன் கார்பைடு பால்னு போகலாம், காசு பழுத்துடும். ஓடற பேரிங்ல நேரா அளக்க அல்ட்ராசவுண்ட் இருக்கு, ஷெஃபீல்டுல ட்வையர் ஜாய்ஸ் குரூப் 2003ல காட்டினது. வெளி ரேஸ் முதுகுல சென்சார ஒட்டி ஒலிய உள்ள விட்டா, ஃபிலிம் ஒரு ஸ்பிரிங் மாதிரி நடந்துக்கும், மெலிசா இருந்தா விறைப்பான ஸ்பிரிங், ஒலி நிறைய தாண்டிப் போயிடும், தடிமனா இருந்தா நிறைய திரும்பி வரும். பேரிங்க கழட்டவே வேணாம். கஷ்டம் என்னன்னா ஒலியோட புள்ளி சின்ன பேரிங்கோட கான்டாக்ட்ட விட அகலமா இருக்கும், சுத்தி இருக்கறதெல்லாம் சேந்து சராசரியாயிடும். கரண்ட் முறையும் செத்துப்போகல, 2018ல மருயாமாவும் நாகானோவும் இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்சாரத்துக்கு ஃபிலிம் காட்டற தடை, அதோட அளவையும் ஃபேஸையும் சேத்து எடுத்து, ஃபிலிம் எவ்ளோ தடிமன், எவ்ளோ இடத்துல உடைஞ்சிருக்குன்னு ரெண்டையும் ஒரே நேரத்துல பிரிச்சுக் காட்டினாங்க. க்ரூக்க கஷ்டப்படுத்தின அதே ஷார்ட்ட அவங்க ஒரு அளவாவே மாத்திட்டாங்க.

இவ்ளோ அளந்து எதுக்குன்னா, கடைசில அந்த நம்பர சொரசொரப்பால வகுக்கணும், லாம்டான்னு ஒரு விகிதம். 3க்கு மேல இருந்தா ரெண்டு பரப்பும் தொடாது, 1க்கு கீழ போனா முள்ளும் முள்ளும் மோதும்னு புக்ல இருக்கும். எனக்கு இந்த எல்லைக்கோட்டு மேல முழு நம்பிக்கை இல்ல, ஏன்னா சொரசொரப்ப அளக்கறது லோட் இல்லாதப்ப, ஆனா கான்டாக்ட் உள்ள போனா அந்த முள்ளுங்களும் அமுங்கித் தட்டையாகுது. லாம்டா 1க்கு கீழ இருந்தும் வருஷக்கணக்கா ஓடற பேரிங்லாம் இருக்கு.

இப்ப என் தலைவலி கிரீஸ். ஆயில்ல பாடம் படிச்சு முடிச்சுட்டோம்னு நெனச்சப்பதான் கிரீஸ குடுத்தாங்க. கிரீஸ் ஓடாது, பால் ஒரு தடவ தடம் போட்டுட்டா ரெண்டு பக்கமும் ஒதுங்கி வரப்பு மாதிரி நிக்கும், திரும்பி தடத்துக்குள்ள வரவே வராது. வாசல்ல ஆயில் இல்ல, ஸ்டார்வேஷன், முதல் சில சுத்துல நல்லாருக்கற ஃபிலிம் போகப்போக மெலிஞ்சு அதோட பேஸ் ஆயில் தர்றதுல பாதிகூட வராது. அதனால கரண்டி மாதிரி ஒரு தகட வெச்சு ஒதுங்கினத திரும்ப தடத்துல தள்ளிக்கிட்டே ஓட்டணும். அப்படி ஓட்டினா இன்னொரு வேடிக்கை, ஸ்பீட குறைச்சா ஃபிலிம் குறையணும்ல, குறைஞ்சுக்கிட்டே வந்து ஒரு இடத்துக்கு அப்புறம் திரும்ப ஏறுது. ரொம்ப ஸ்லோவா போறப்ப, கிரீஸ கெட்டியாக்கற சோப்பு நாரு கொத்துக்கொத்தா கான்டாக்ட் உள்ளயே நுழைஞ்சுடுது, மைக்ரோஸ்கோப்ல பாத்தா கலர் திட்டு திட்டா ஓடும், மீன் குஞ்சு கூட்டம் மாதிரி. வாசல்ல ஸ்பீடும் விஸ்காசிட்டியும்தான் முடிவு பண்ணும்னு மேல அவ்ளோ நம்பிக்கையா எழுதினேனே, இங்க அது செல்லாது.

இன்னிக்கு சாயங்காலம் எடுத்த கிராஃப்லயும் அந்தக் கோடு கடைசில மூக்க தூக்கிக்கிட்டு நிக்குது, 40 நானோமீட்டர்லேர்ந்து 90க்கு. நிஜமா நாரா, இல்ல போன வார சாம்பிளோட மிச்சமான்னு தெரியணும்னா எல்லாத்தையும் கழட்டி கழுவி மறுபடி ஓட்டணும். டொலுயீன் தீந்துபோச்சு, நாளைக்கு காலைல அண்ணன் வந்துதான் ஸ்டோர்ஸ திறக்கணும்.